வாங்குகிறவர் தலை குனியாத தர்மம்

தர்மம் என்ற சொல் அய்யாவழி மக்களுக்குப் புதிதல்ல. பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் பணிவிடை முடிந்ததும் அன்னதர்மம் நடக்கிறது. திருஏடு வாசிப்பு நாட்களில் ஊரே கூடிப் பந்தியில் அமர்கிறது. எத்தனை மூடை அரிசி பொங்கியது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று மறுநாள் பெருமையாகப் பேசிக்கொள்வதும் உண்டு. எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற கணக்கு எல்லாருக்கும் தெரியும். வாங்கியவர் எந்த மனதோடு வீடு திரும்பினார் என்ற கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்? அய்யா காட்டிய தர்மத்தில் இரண்டாவது கணக்குத்தான் பெரியது. இந்தப் பாடம் அதைப் பற்றியது.

ஒரு தாங்கலில் நடந்தது

இது எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான். அதனால் ஊர்ப் பெயர் வேண்டாம்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். ஒரு நிழல் தாங்கலில் ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்ததும் வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு நோட்டுகள் கொடுப்பது மூன்று வருடமாக நடந்து வந்தது. இருபது பிள்ளைகளின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு மைக்கில் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். பிள்ளை முன்னால் வரும். பணம் தந்தவர் ஒரு பக்கமும் பிள்ளை மறு பக்கமுமாக நோட்டுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். படம் எடுப்பார்கள். படம் வாட்ஸ்அப்பில் போகும். அதில் நன்றாக வந்த படம் ஒன்று பேனரில் ஏறித் தெரு முக்கில் நிற்கும். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. படத்தைப் பார்த்து இன்னும் நாலு பேர் கொடுக்க முன்வருவார்கள் என்றுதான் செய்தார்கள்.

நான்காவது வருடம் ஒரு பெயரை மூன்று தடவை கூப்பிட்டும் பிள்ளை வரவில்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பெண்பிள்ளை. போன வருடம் பேனரில் நின்றது அந்தப் பிள்ளையின் படம்தான். தகப்பன் இல்லை. பாட்டி அண்டி ஆபீசில் கொட்டை உடைத்து வளர்க்கிறார். தாங்கலைக் கவனித்து வந்த பணிவிடையாளர் மறுநாள் நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார்.

“பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா அம்மா?” என்று கேட்டார்.

“உடம்புக்கு ஒண்ணுமில்ல தம்பி. வரமாட்டேன்னுட்டா” என்றார் பாட்டி. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “நோட்டு நல்ல நோட்டு. குறை சொல்லப்பிடாது. ஆனா போன வருசத்து நோட்டு கார்த்திகையிலேயே எழுதித் தீந்துபோச்சு. முக்குல நிக்குற படம் இன்னும் தீரல்ல. அந்த வழியாத்தான் இவ பள்ளிக்கூடம் போகணும். கூடப் படிக்கவளுவ கேக்காளுவ.”

பணிவிடையாளருக்குப் பதில் வரவில்லை. கட்டைத் திண்ணையில் வைத்தார். பாட்டி உள்ளே போய் ஒரு தம்ளர் கட்டங்காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினார். வரும் வழியில் ஒரு கேள்வி அவர் மனதில் தங்கிவிட்டது. தாங்கலில் இருந்து போன நோட்டு அந்த வீட்டை ஒரு வருடம் தலை குனிய வைத்தது. அந்த வீட்டில் இருந்து வந்த காப்பியோ அவரைக் குனிய வைக்கவில்லை. இரண்டில் எது தர்மம்?

அய்யா எழுப்பிய மக்கள்

இந்தக் கேள்விக்குப் பதில் அய்யாவின் காலத்திலேயே இருக்கிறது.

கொல்லம் ஆண்டு 1008 மாசி மாதம், அதாவது 1833-இல், அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலில் இருந்து வைகுண்ட அவதாரமாக எழுந்து வந்தார். அப்போது தென்திருவிதாங்கூரில் எளிய மக்கள் எப்படி இருந்தார்கள் என்பதை அகிலத்திரட்டு விரிவாகச் சொல்கிறது. தலைக்கு வரி கட்ட வேண்டும். பனையேறிப் பிழைப்பவர் தொழிலுக்கும் வரி கட்ட வேண்டும். ஊழியம் என்ற பெயரில் கூலி இல்லாமல் வேலை செய்ய வேண்டும். பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது. ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது. கோயில் தெருவில் நடக்கக் கூடாது.

அந்த மக்களுக்குப் பசி இருந்தது. பசியைவிடப் பெரிய நோவு ஒன்றும் இருந்தது. எங்கே போனாலும் குனிந்தே நிற்க வேண்டும் என்ற நோவு அது. அய்யா இரண்டையும் சேர்த்தே தீர்க்க வந்தார்.

சாமிதோப்பில் முத்திரிக்கிணறு இருக்கிறது. சாதி வேற்றுமை பாராமல் எல்லாரும் ஒரே கிணற்றில் குளிக்கவும் குடிக்கவும் அய்யா வழி செய்தார். அந்தக் காலத்தில் ஒரு கிணற்றுத் தண்ணீர் என்பது தாகம் தீர்க்கும் காரியம் மட்டும் அல்ல. “உன் கை பட்டால் தண்ணீர் தீட்டு” என்று சொன்ன உலகத்துக்கு முன்னால் அது பெரிய பதில். இன்றும் சாமிதோப்புக்கு வருகிறவர்கள் முத்திரிக்கிணற்றில் பதமிட்ட பிறகே பதிக்குள் போகிறார்கள். கார்க்காரருக்கு ஒரு கிணறு, நடந்து வந்தவருக்கு ஒரு கிணறு என்று அங்கே இல்லை.

திருநாமத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். எட்ட நில் என்று விரட்டப்பட்ட மக்களின் நெற்றியைத் தொட்டு நாமமிடும் வழக்கம் அய்யாவழியில் ஏற்பட்டது. நாமம் வாங்க வருகிறவர் அண்ணாந்து முகத்தைக் காட்ட வேண்டும். குனிந்தால் நாமம் இட முடியாது. தலைப்பாகை மறுக்கப்பட்ட ஆண்களைத் தலைப்பாகையோடு வணங்கச் சொன்னார் அய்யா.

வாகைப்பதியில் துவையல் தவசு நடந்தது. ஏறக்குறைய 700 குடும்பங்கள் அங்கே சேர்ந்து தவம் இருந்தன. சேர்ந்து குளித்தார்கள், சேர்ந்து உடுதுணி துவைத்தார்கள், சேர்ந்து உண்டார்கள். விளம்பியவரும் அதே உணவைத்தான் உண்டார். அந்தப் பந்தியில் தர்மம் செய்தவர் யார், பெற்றவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தாழ்ந்து கிடப்பவரைத் தாங்கிக் காப்பதுதான் தர்மம் என்பது அய்யாவின் போதனை. இதைச் சிறு பிள்ளைகளும் சொல்வார்கள். அதன் பொருளை ஊன்றிக் கவனிக்க வேண்டும். தாழ்ந்து கிடக்கிறவர் மடியில் ஒரு பொருளைப் போட்டுவிட்டு அவரை அங்கேயே விட்டுவிட்டால் பொருள் போய்ச் சேர்ந்தது. தர்மம் போய்ச் சேரவில்லை. கொடுத்த முறையாலே அவர் இன்னும் ஒரு படி தாழ்ந்து போனால், அது தர்மத்துக்கு நேர் எதிர்.

காணிக்கை கேளாத பதி

அய்யா தனக்கென்று காணிக்கை எதுவும் கேட்கவில்லை. காணிக்கையும் காவடியும் கைக்கூலியும் வேண்டாம் என்று விலக்கினார். கொடுக்கும் பழக்கத்தை அவர் நிறுத்தவில்லை. கொடுக்கும் கையின் திசையைத் திருப்பினார். தெய்வத்துக்கு என்று கொண்டுவந்ததைப் பசித்தவர் பக்கம் கொண்டு போ என்பது அதன் பொருள்.

இதற்குள் இன்னொன்றும் இருக்கிறது. காணிக்கை போடுகிறவர் மனதில் சில நேரம் ஒரு வியாபாரம் ஓடும். “இதைத் தருகிறேன், அதைச் செய்து கொடு” என்பது அந்த வியாபாரம். அய்யா அதை ஏற்கவில்லை. தெய்வத்திடமே வியாபாரம் கூடாது என்றால் ஏழையிடம் கூடுமா? நோட்டைத் தந்து படத்தை வாங்கினால் அது விற்பனை. சோறு போட்டுப் புகழை வாங்கினால் அதுவும் விற்பனை. ஓட்டுக்காகக் கொடுப்பது, ஊரில் தன் பேச்சு எடுபட வேண்டும் என்று கொடுப்பது, பிற்பாடு சொல்லிக்காட்டக் கொடுப்பது எல்லாம் அதே கடையில் நடக்கும் வியாபாரம்தான்.

பள்ளியறையில் சிலை இல்லை. கண்ணாடி இருக்கிறது. வணங்க வருகிறவர் அதில் தன் உருவத்தைக் காண்கிறார். உள்ளே இருக்கும் இறைவனை உணரச் சொல்லும் அடையாளம் அது. பேனருக்குப் பணம் கொடுத்தவர் வந்து நின்றாலும் அந்தக் கண்ணாடிதான். அண்டி ஆபீஸ் பாட்டி வந்து நின்றாலும் அந்தக் கண்ணாடிதான். பணிவிடை முடிந்து இனிமம் கொடுக்கும்போது எல்லாரும் ஒரே வரிசையில் நின்று ஒரே மாதிரிக் கையை நீட்டுகிறார்கள். தோட்டம் துரவு உள்ளவரும் நீட்டுகிறார், தினக்கூலிக்காரரும் நீட்டுகிறார். அங்கே யாருக்கும் வெட்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தானும் கை நீட்டி வாங்கியவர், திங்கட்கிழமை தன் வாசலில் நீளும் கையைக் கீழாகப் பார்க்க என்ன உரிமை இருக்கிறது?

அகிலத்தில் நாராயணர் பண்டார வடிவம் எடுத்து வருகிறார். அய்யாவையும் பண்டாரம் என்றே மக்கள் அழைத்தார்கள். உலகை ஆளும் பரம்பொருளே ஒன்றும் இல்லாதவர் போல் வந்து நின்றார் என்றால், வாசலில் வந்து நிற்கும் ஒருவரை இவர் யார் என்று ஒரு பார்வையில் முடிவு செய்துவிட முடியாது.

நோட்டுகள் மாறிய விதம்

அந்தத் தாங்கலில் அடுத்த மாதம் கூட்டம் கூடியது. பணிவிடையாளர் பாட்டி சொன்னதை அப்படியே சொன்னார். பேனரை அன்றே அவிழ்த்துவிட்டார்கள். அது சுலபம். அடுத்த வருடம் என்ன செய்வது என்பதில்தான் பேச்சு நீண்டது.

“படம் இல்லன்னா வெளிநாட்டுல இருக்கவங்க பணம் அனுப்ப மாட்டாங்க அண்ணே” என்றார் ஒரு இளைஞர்.

“அவங்களுக்குக் கணக்கு அனுப்புவோம் தம்பி. கடைச் சீட்டு அனுப்புவோம். எத்தன நோட்டு வாங்குனோம்னு எழுதி அனுப்புவோம். பிள்ளைகளுக்க முகம் எதுக்கு?” என்றார் பணிவிடையாளர்.

படம் எடுக்காவிட்டாலும் இருபது பேரை மட்டும் கூப்பிட்டுக் கொடுத்தால் அந்த இருபது பேர் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு அம்மா எடுத்துச் சொன்னார். தாங்கலுக்கு வரும் பிள்ளைகள் மொத்தம் நாற்பத்தைந்து பேர். எல்லாருக்கும் கொடுக்கப் பணம் போதாது. அந்த அம்மாவே வழியும் சொன்னார். “எங்க பிள்ளைக்கு எப்படியும் நாங்க நோட்டு வாங்கத்தான போறோம். அதக் கடையில இருந்து நேரா வீட்டுக்குக் கொண்டு போகாம இங்க கொண்டு வந்து வைக்கோம்.”

அப்படியே செய்தார்கள். வசதி உள்ள வீட்டார் தங்கள் பிள்ளைக்கு வாங்குவதோடு முடிந்ததைக் கூட்டி வாங்கித் தாங்கலில் கொண்டுவந்து அடுக்கினார்கள். வெளியில் இருந்து வந்த பணத்துக்கும் நோட்டு வாங்கி அதே அடுக்கில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்தது. பிள்ளைகள் நாமமிட்டுக்கொண்டு வரிசையாக வந்தார்கள். நாற்பத்தைந்து பேரும் ஒரே அடுக்கில் இருந்து வேண்டிய நோட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். மைக் இல்லை, பெயர் இல்லை. கடைக்காரர் மகன் எடுத்த நோட்டு யார் வீட்டுப் பணம், பாட்டியின் பேத்தி எடுத்த நோட்டு யார் வீட்டுப் பணம் என்று எவருக்கும் தெரியாது. முத்திரிக்கிணற்றுத் தண்ணீர் போல எல்லாருக்கும் பொதுவாக இருந்தது.

அந்தப் பெண்பிள்ளையும் வந்தது. எடுத்துக்கொண்டு போனது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

இதனால் நட்டமே வரவில்லை என்று சொல்ல முடியாது. பணம் அனுப்பி வந்த ஒருவர் அந்த வருடம் நிறுத்திவிட்டார். அவருக்குப் படம் தேவைப்பட்டது. அந்தக் குறையை ஊரார் பங்கிட்டுக்கொண்டார்கள்.

வீட்டில் தொடங்கும் தர்மம்

தாங்கலில் கூடிச் செய்வது ஒரு பங்கு. மற்ற நாட்களில் வீட்டிலும் தொழிலிலும் நடப்பது பெரும் பங்கு. பெரிய வருமானம் இல்லாதவரும் செய்யக்கூடியவை சிலவற்றை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

முதலாவது பிடியரிசி. உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பது பழைய வழக்கம். ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம் வரும். அது குறைந்ததால் வீட்டில் யாருக்கும் வயிறு குறையாது. முப்பது நாளில் ஒன்றரைக் கிலோ சேரும். நாற்பது வீடுகள் சேர்ந்தால் மாதம் 60 கிலோ. ஒருவர் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு 150 கிராம் அரிசி என்று வைத்தால் 400 சாப்பாடு. பிடியரிசியில் ஒரு நன்மை உண்டு. பல வீட்டு அரிசி ஒரே பானையில் கலந்துவிடுவதால் யார் கொடுத்தது என்ற பேச்சே எழாது.

இரண்டாவது கூலி. இதைத் தர்மத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது. கூலி கடன். ஆனாலும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. வேலைக்கு வந்தவருக்குப் பேசிய கூலியில் ஐம்பது ரூபாய் பிடித்துக்கொண்டு, திருவிழாவுக்கு ஐயாயிரம் ரூபாய் நன்கொடை எழுதுகிறவர் உண்டு. சனிக்கிழமை தர வேண்டிய கூலியை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளுகிறவர் உண்டு. கூலி இல்லாத வேலைக்கு அந்தக் காலத்தில் ஊழியம் என்று பெயர். அந்த ஊழியத்தின் கொடுமையை முன்னோர்கள் அனுபவித்தார்கள். அதிலிருந்து மக்களை எழுப்பத்தான் அய்யா பாடுபட்டார். சிங்காரத்தோப்புச் சிறையில் 110 நாள் இருந்தார். அவர் வழியில் நடக்கிறேன் என்று நாமமிட்ட ஒருவர், பால்வெட்டுக்காரர் கூலியையோ செங்கல் சூளைக்காரர் கூலியையோ பிடித்து வைத்தால், அய்யா ஒழிக்க வந்த ஊழியத்தைத் தன் வாசலுக்குள் திரும்பக் கூட்டி வருகிறார். முழுக் கூலியை உரிய நேரத்தில் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் கொடுப்பதே தர்மம்.

மூன்றாவது, கொடுக்கும் பொருள். தனக்கு உதவாததைக் கழித்துக் கொடுப்பது வீட்டைச் சுத்தம் செய்யும் வேலை. பொத்தான் இல்லாத சட்டை, கிழிந்த போர்வை, நேற்று மிஞ்சிப் புளித்த சோறு இவற்றைக் கொடுத்துவிட்டுத் தர்மம் செய்ததாக எழுதிக்கொள்ளக் கூடாது. பழைய துணி கொடுக்கலாம், தவறில்லை. துவைத்து, தையல் பிரிந்ததைத் தைத்து, மடித்துக் கொடுக்க வேண்டும். தன் பிள்ளை உடுத்தால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்க வேண்டும்.

நான்காவது, உடம்பாலும் நேரத்தாலும் செய்வது. தனியாக இருக்கும் பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வரிசையில் நிற்பது, எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பென்ஷன் மனு எழுதிக் கொடுப்பது, பரீட்சை எழுதும் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவது எல்லாம் தர்மம்தான். காசில்லாதவர் என்று எவரும் ஒதுங்க வேண்டியதில்லை.

ஐந்தாவது ரத்தம் கொடுப்பது. 18 முதல் 65 வயது வரை உள்ள, 45 கிலோவுக்குக் குறையாத எடை உள்ள ஆரோக்கியமானவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவையும் கொடுக்கலாம். ரத்த வங்கியில் கொடுத்தது எந்தச் சாதிக்காரருக்குப் போகிறது, எந்த மதத்தாருக்குப் போகிறது என்று கொடுத்தவருக்குத் தெரியாது. பெற்றவருக்கும் கொடுத்தவரைத் தெரியாது. நன்றி சொல்லவோ சொல்லிக்காட்டவோ அங்கே இடமே இல்லை. அய்யா சொன்ன தர்மத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றைச் சொல்வது கடினம்.

இரண்டு ஐயங்கள்

“கேட்கிறவர் எல்லாரும் உண்மையில் இல்லாதவர்களா? ஏமாற்றுகிறவரும் இருக்கிறார்களே” என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறார்கள். அதனால் பணமாகக் கொடுக்கத் தயங்குகிறவர் சோறாகக் கொடுக்கலாம், மருந்துக் கடைக்குக் கூட்டிப் போய் மருந்தாக வாங்கிக் கொடுக்கலாம், பள்ளிக்கூடத்திலேயே கட்டணத்தைக் கட்டலாம். விசாரிப்பது குற்றம் அல்ல. நாலு பேர் முன்னால் விசாரிப்பதுதான் குற்றம். ஒரு வீட்டின் கஷ்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் சாயங்காலம் ஒருவர் மட்டும் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் போதும். ஒருவர் ஏமாற்றிவிட்டார் என்பதற்காக அடுத்த பத்துப் பேருக்குக் கதவைச் சாத்தினால், ஏமாற்றியவருக்குக் கிடைத்த தண்டனை ஒன்றுமில்லை. பசித்தவருக்குத்தான் தண்டனை.

“மறைவாகக் கொடு என்றால் கணக்கு என்னாகும்?” என்பது இரண்டாவது கேள்வி. இது நல்ல கேள்வி. பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும். வரவு எவ்வளவு, அரிசிக்கு எவ்வளவு, நோட்டுக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று எழுதித் தாங்கல் சுவரில் ஒட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கேட்கலாம். கணக்கு வெளிச்சத்தில் இருக்கட்டும். வாங்கியவர் முகம் மட்டும் மறைவில் இருக்கட்டும். இரண்டையும் மாற்றி வைத்துவிட்டால்தான் தவறு. கணக்குப் பூட்டிய பெட்டியிலும் ஏழைப் பிள்ளையின் முகம் தெரு முக்கிலும் இருக்கும் இடத்தில் தர்மம் நிலைக்காது.

வாங்குவதும் ஒரு பணிவிடை

கடைசியாக, வாங்குகிறவருக்கும் ஒரு சொல். கஷ்டம் வந்தபோது கை நீட்டுவது இழிவு அல்ல. மழை இல்லாத வருடம் யாருக்கும் வரலாம். வியாதி யார் வீட்டுக்கும் வரலாம். இன்று கொடுக்கிறவர் நாளை வாங்கும் நிலைக்கு வரலாம். வெட்கப்பட்டு மறைத்து வைத்து வீட்டில் பிள்ளைகளைப் பட்டினி போடுவதைவிட, உறவென்று எண்ணி ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வது நல்லது. நிழல் தாங்கல் என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. வெயிலில் வருகிறவருக்கு நிழல் தரும் இடம், தளர்ந்து வருகிறவரைத் தாங்கும் இடம். தாங்குவதற்கென்றே இருக்கும் இடத்தில் சாய்ந்துகொள்வதில் என்ன வெட்கம்?

வாங்குகிறவரிடமும் கொடுக்க ஒன்று இருக்கும். அதைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். அந்தத் தாங்கலில் அதே வருடம் கார்த்திகையில் திருஏடு வாசிப்பு நடந்தது. அன்னதர்மத்துக்குக் காய்கறி சேர்ந்துகொண்டிருந்தது. பாட்டி தன் வீட்டு முற்றத்து முருங்கையில் இருந்து ஒரு கட்டுக் கீரை ஒடித்துக்கொண்டு வந்தார்.

“இது கொஞ்சம்தான் தம்பி. சேத்துக்கிடுவீளா?” என்று கேட்டார்.

“கொண்டாங்க அம்மா” என்று பணிவிடையாளர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார். கீரையை ஆய்ந்து, பருப்போடு சேர்த்துக் கூட்டு வைத்தார்கள். அன்று பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அதைச் சாப்பிட்டார்கள். நோட்டு அடுக்குக்குப் பணம் தந்தவர்களும் சாப்பிட்டார்கள். பேத்தி வாளியும் கரண்டியுமாக வரிசையில் வந்து விளம்பியது.

ஒருவர் தர்மம் செய்தாரா என்பதை அறிய ஒரே ஒரு சோதனை போதும். அவரிடம் வாங்கியவர் மறுநாள் அவரைத் தெருவில் கண்டால் ஒதுங்கிப் போகிறாரா, நின்று பேசுகிறாரா என்று பார்க்க வேண்டும். நின்று முகம் பார்த்துப் பேசினால் தர்மம் நடந்திருக்கிறது.

அன்புக்கொடி மக்கள் இன்றிரவு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கட்டும். கொடுக்க வேண்டிய கூலி பாக்கி இருந்தால் நாளைக் காலையிலேயே கொடுத்துவிடட்டும். தெருவில் ஒதுங்கிப் போகும் ஒருவர் இருந்தால், தானே முன்னால் போய்ச் சுகம் விசாரிக்கட்டும்.

அய்யா உண்டு.